நாற்பத்தொன்றாவது படம்

பாஸ்தாசா ஆற்றுக்கு மேலே
மேகம் தரையில் நடக்கிற உயரத்தில்
ஓர் இலையின் முதுகில் படுத்திருக்கிறது பூ.
கடுகை உடைத்தால் ஒரு பாதி.
சிவப்பு என்று சொல்வதற்குள் முடிந்துபோகிற சிவப்பு.

மண்டியிட்டிருக்கிறேன். முழங்காலுக்கு அடியில்
உரச்சாக்கு, அதற்கும் அடியில் ஈரம்.
தயிர்க் கோப்பையின் அடியை வெட்டி
ஃபிளாஷுக்கு மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் மிருதுவாக விழ.
ஸ்ட்ராபெர்ரி வாசம் இன்னும் போகவில்லை அதில்.

இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸ் ஒரு கஞ்சன்.
தலைமுடிப் பருமனில் கால்வாசியைத்தான் தெளிவாகத் தரும்,
முன்னும் பின்னும் பனி.
ஆகவே திருகை ஒரு கோடு திருப்பி ஒரு படம்.
இன்னொரு கோடு, இன்னொரு படம்.
எண்பத்தேழு முறை.
பூவுக்குள் நான் போகும் மொத்தத் தூரம்
இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை.
கீட்டோவுக்குப் பேருந்தில் போய் இறங்கியதுபோல்
இடுப்பு மட்டும் வலிக்கும்.

செகுந்தோ குடை பிடிக்கிறான்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு இரண்டாமவன் என்று பொருள்,
நொடி என்றும் பொருள்.
வாரமெல்லாம் நாரன்ஹீயா பழம் ஏற்றி லாரி ஓட்டுகிறவன்,
சனிக்கிழமைகளில் என் கூரை, என் காற்றுத்தடுப்பு.
அவனுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றுதான்:
பேசாதே, முடிந்தால் மூச்சு விடாதே,
உன் பெருமூச்சு இதற்கு எரிமலை.

அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தவன்போல இருந்தான்.
மேடு ஏறும்போது இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.
நான் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
குடைக் கம்பியில் ஒரு துளி,
விழலாமா என்று யோசித்தபடி.
நாற்பது.
நாற்பத்தொன்று.

இரவு மருந்துக்கடையை மூடிவிட்டு
கல்லாவுக்குப் பின்னால் கணினியைத் திறந்தேன்.
எண்பத்தேழு மங்கல்களிலிருந்து
தெளிந்த இழைகளை மட்டும் உருவி
அது ஒரு பூவைத் தைக்கும்.
எந்தக் கண்ணும் பார்த்திராத பூ,
விளிம்பும் நடுவும் ஒரே வேளையில் தெரிகிற பூ,
பதினான்கு நிமிடத்தை மடித்து
ஒரே நொடி என்று பொய் சொல்கிற பூ.
நன்றாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஹெர்பேரியத்திலிருந்து இவோன் கூப்பிட்டாள்.
"உதட்டுக்கு இரட்டை விளிம்பு இருக்கிறதே, நிஜமா?
இப்படி நான் பார்த்ததே இல்லை.
நிஜமென்றால்..." என்று இழுத்தாள்.
அந்த இழுப்பின் நுனியில்
லத்தீனில் ஒரு புதிய பெயர் தொங்கியது.

காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவரை நிற்கவைத்துவிட்டு
படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
நாற்பது வரை பூ இருந்த இடத்தில் இருந்தது.
நாற்பத்தொன்றில் பூவே இல்லை, ஒரு சிவப்புக் கீற்று.
நாற்பத்திரண்டிலிருந்து
அரை மயிரிழை தள்ளி நின்றது.
அப்போதுதான் நினைவு வந்தது:
என் பிடரிக்குப் பின்னால்
நீளமாக, சூடாக, காப்பி வாசத்தோடு
ஒரு மூச்சு.
திரும்பாமலே உஸ் என்றிருந்தேன்.

செகுந்தோவை அழைத்தேன்.
அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்?
இன்னும் குடை பிடித்திருப்பவன்போல
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"லாரியை விற்றுவிட்டேன்" என்றான் பிறகு.
"வெள்ளிக்கிழமையே."

இவோனுக்கு எழுதினேன்: விளிம்பு ஒன்றுதான்,
மற்றது பூவினுடையது அல்ல.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.
மறுபடி எடுத்து அனுப்பு என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிப் பேருந்திலிருந்து
முதல்முறையாக ஒரு பயணியாக இறங்கினான்,
கையில் குடை.
பூ வாடிப்போயிருந்தது.
பக்கத்து இலையில் ஒரு மொட்டு, எள்ளின் மூக்களவு.
பையிலிருந்து கேமராவை நான் எடுக்கவில்லை.
உரச்சாக்கை இருவருக்குமாக விரித்தேன்.
எவ்வளவுக்குப் போனது என்று கேட்டேன்.