பிரேக் கிடையாது

பன்னிரண்டு வருஷம்
டர்பனில் அதே சிமென்ட் கிண்ணம்.
கணக்குப் பார்த்தால் கேப்டவுனுக்கு
நாற்பது தடவை போய்வந்திருப்பேன்.
அங்கிருந்து கடல் தெரியாது,
மேல்வளைவில் உப்பு மட்டும் உதட்டில் ஒட்டும்.
ஒலிபெருக்கி ‘படயாச்சி’ என்று சொல்லி முடிப்பதற்குள்
அரைச் சுற்று போயிருக்கும்.

பிரேக் கிடையாது எங்கள் வண்டிக்கு.
மிதிப்பதை நிறுத்தினால்
அது நம்மை மிதிக்கும்.

ப்ளூம்ஃபொன்டைன் அரையிறுதியில்
நானும் லெராட்டோவும்
நீ போ, நீ போ என்று
இருபத்தெட்டு நொடி அசையாமல் நின்றோம்.
தொடை நடுங்கியது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.
பிறகு அவள் ஜெயித்தாள், ஒரு டயர் அகலத்தில்.

இப்போது சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடை வேலை.
சிவப்பு சிக்னலில்
கால் ஊன்றாமல் நிற்கிறேன்.
பச்சை விழுந்துவிட்டது,
பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை,
நானோ
பக்கத்து சைக்கிள் பையன் முதலில் கிளம்பட்டும் என்று.