பூஜ்யம்

உடைந்த பெட்டி என்று கிடங்கில் கழித்ததில்
ஒன்றை டெல்பின் எனக்குக் கொண்டுவந்தாள்.
கறுப்புத் தேயிலை. பீச் பழ வாசனை. கஃபீன் நீக்கியது.
பீச் பழத்தை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

நெஞ்சு படபடக்குது என்று போனவளிடம்
டாக்டர் முதலில் பிடுங்கியது டீயைத்தான்.
எடைமேடையில் நைட் ஷிப்ட் சார் என்றேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

"எப்படிடி எடுக்கறாங்க?"
"கோலி சோடாவுல இருக்கே, அதே காத்துதான்.
இரும்புக் கலத்துல அடைச்சு
அழுத்து அழுத்துன்னு அழுத்தினா
காத்துமில்லாம தண்ணியுமில்லாம ஒண்ணாயிடுமாம்.
ஈர இலைக்குள்ள பூந்து
நிறத்தைத் தொடாது, துவர்ப்பை அவ்வளவாத் தொடாது,
முழிப்பை மட்டும் திருடிக்கினு வந்துடும்.
துளியூண்டு விட்டுட்டும் வரும்."
"திருடினதை?"
"விப்பான். டப்பா ஜூஸ்காரன் வாங்கிப்பான்."

மணி மூன்று.
எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள்
துறைமுகக் கதவுவரை நகராமல் நிற்கின்றன.
மேடையேறிய வண்டிக்காரனுக்குக் கண் மிளகாய்ப்பழம்.
பத்தொன்பது மணி நேரமாக வரிசையில் இருக்கிறானாம்.
ஸ்டியரிங் ஓரம் நான்கு காலி டப்பாக்கள்.
ஐந்தாவதைத் திறக்கிறான்.
புஸ்ஸென்கிறது
அதே காற்று.

என் டம்ளரில்
நான் கடிக்காத பழம் மணக்கிறது.
யார் டீயிலிருந்து எடுத்ததோ அவன் குடிப்பது,
என்னுடையதாகவும் இருக்கலாம்.

"தூக்கம் வருதாக்கா?"
"வருது. உனக்கு?"

ரசீதை உதட்டில் கவ்விக்கொண்டு கியர் போடுகிறான்.
திரையில் டன்கள் ஒவ்வொன்றாக இறங்கி
பூஜ்யத்துக்கு வருகின்றன,
கொஞ்சம் துடித்துவிட்டு.