எடைமேடையில் ஓர் ஏரி

மே மாதம். காவேரிப்பட்டணம் சாலையில்
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்து நிற்கின்றன.
மாங்கூழ் ஃபேக்டரியில் நான் எடை போடுகிறவள், ராத்திரி ஷிப்ட்.
ஒரு வண்டி இறங்கி இன்னொன்று ஏறுவதற்குள்
ஒன்றரை வாக்கியம் மொழிபெயர்க்கலாம்.
அந்த அரை வாக்கியம் சில நாள்
விடியும்வரை அரையாகவே கிடக்கும்.

தோரா ஹால்டர்சன். வயது அறுபத்தெட்டு.
வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரை.
மூன்று நாவல்கள்.
முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே
பதினோரு வருஷம்.
ஏன் அவ்வளவு இடைவெளி என்று கேட்டிருந்தேன்.
‘பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன்’ என்று பதில்.
அவ்வளவுதான். அன்புடன் என்றுகூட இல்லை.
அதையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவள் கதைகளில் யாரும் அழுவதில்லை.
அடுப்பைத் துடைக்கிறார்கள்.
ஏரிக்குப் போனவன் இனி வரமாட்டான் என்று
சேதி வந்த பக்கத்தில்
ஒருத்தி பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணிக்கிறாள்,
ஈரம் உறிஞ்சட்டும் என்று.
அவன் பூட்ஸ்.
மாதம்மாவிடம் இதைச் சொன்னேன்.
‘வேற என்ன பண்ணுவா, அப்படியே வுட்டா நாறும்ல’ என்றாள்.
பதிப்பாளர் கேட்டிருக்கும் பின்னுரையில்
இந்த ஒரு வரி போதும். மாதம்மா, பர்கூர் என்று
கீழே போட்டுவிடுவேன்.

நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.
மீன் ஷெட். குடலெடுக்கும் பெண்கள்.
குளிரில் அவர்கள் கை.
மரத்தது என்று எழுதினேன். அடித்தேன்.
விறைத்தது. அடித்தேன்.
உறைந்தது என்றால் தயிர் ஞாபகம் வருகிறது.
கிருஷ்ணகிரியில் பிறந்தவளுக்கு
மார்கழி என்பது ஒரு ஸ்வெட்டர்,
அதுவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

கடைசியில் சூப்பர்வைசர் சென்றாயனிடம் சாவி வாங்கி
கூழ் டிரம்கள் அடுக்கிய குளிர் அறைக்குள் போனேன்.
மைனஸ் பதினெட்டு. நான்கு நிமிஷம்.
முதல் நிமிஷம் சிரிப்பு வந்தது.
இரண்டாவதில் மூக்குக்குள் முள்.
அப்புறம் விரல்கள்,
யாரோ கைமாத்தாக வாங்கிப் போய்விட்ட மாதிரி.
வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி.
ஒன்றும் தெரியவில்லை.
மாதம்மா என் கையைப் பிடித்துத் தேய்த்தாள்,
மாங்காய்ப் பால் பட்டுப் பொத்துப்போன தன் கையால்.
‘கை செத்துக்கிடக்குது. இரு, வரும்.
வரும்போதுதான் வலிக்கும்.’

செத்த கை என்று எழுதினேன்.
மிச்சத்தை எழுதவில்லை.
அதை ஒன்பதாம் அத்தியாயத்தில்
தோராவே எழுதியிருக்கிறாள்.

ஏழாவதில் ஏரியின்மேல் லாரி ஓடுகிறது.
அச்சுப்பிழையோ என்று கேட்டேன்.
படம் அனுப்பினாள்.
வெள்ளை வெளி, நடுவில் சிவப்பு லாரி,
இரண்டு பக்கமும் கதவு திறந்து.
‘அப்படித்தான் ஓட்டுவோம். பனி உடைந்தால்
குதிக்க நேரம் வேண்டும்.’

நான் எழுதினேன்:
எங்கள் ஏரியிலும் லாரி ஓடும்,
தண்ணீர் வற்றின பிறகு, வண்டல் அள்ள.
கதவைச் சாத்திக்கொண்டுதான். புழுதி.

இன்றைக்கு வந்திருக்கும் பதில்
ஒரே வரி.
‘அப்போது மீன்கள் எங்கே போகும்?’

மணி மூன்று பத்து.
சட்டிக்கு என்று எழுதலாம்.
வேடிக்கைக்குக் கேட்டவள் மாதிரித் தெரியவில்லை.
மூன்று புத்தகத்திலும் இதே கேள்வியைத்தான்
வேறு வேறு ஆள்களின் வாயில் வைத்திருக்கிறாளோ
என்று இப்போது தோன்றுகிறது;
அப்படியானால் முதல் பக்கத்திலிருந்து
திரும்பப் பார்க்கவேண்டும்.

வெளியே ஹாரன்.
போச்சம்பள்ளி டிராக்டர், டிரைவர் அரைத்தூக்கம்.
மொத்தம் ஏழாயிரத்து நாற்பது கிலோ.
காலி வண்டியின் எடையை
இன்னும் கழிக்கவில்லை.