ஒரு புள்ளி

மியர்பேங்க் மைதானத்துக்கு வேலி கிடையாது.
ஒரு பக்கம் எண்ணெய் ஆலையின் தீநாக்கு,
மறுபக்கம் விமான ஓடுபாதை,
ஒரே வரிசையில் நான்கு கம்பங்கள்.
நடுவிரண்டுக்குள் பந்து போனால் ஆறு,
ஓரத்தில் போனால் ஒன்று.
தவறவிட்டவன் கையிலும் எதையாவது திணித்தனுப்பும் ஆட்டம்.
அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கோல் நடுவர் நான்.
தலையணை உறையைக் கிழித்துத் தைத்த இரண்டு கொடிகள்.
சனிக்கிழமை காலையில் பல் ஆஸ்பத்திரியில் ரசீது எழுதிவிட்டு
மதியம் வெள்ளைக் கோட்டோடு
(டாக்டரின் பழைய கோட்டுதான், பையில் இன்னும் கிராம்பு வாசம்)
கம்பத்தடியில் வந்து நிற்பேன்.

தெவஷன் படையாச்சி முன்கள ஆள்.
ஒல்லி. காதுகள் மட்டும் பெரிசு.
முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளுமென்று
பந்துக்கே தெரியாது.
மற்றவர்கள் அதைத் துரத்துவார்கள்.
இவன் அது வரப்போகும் இடத்துக்கு முன்னாலேயே போய்
பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நிற்பான்.

மெல்பர்னிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்,
தொப்பியும் நோட்டுமாக.
கடைசி நிமிடம். நாற்பது மீட்டர், கோணல்.
அவன் உதைத்த நேரம்
ஜோஹானஸ்பர்க் விமானம் தலைமேல் இறங்கியது.
ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை,
எனக்கும்தான்.
ஆனால் இடது கம்பத்தில் என் கை இருந்தது.
கம்பம் நடுங்கியது,
ஊசிக்கு முன்னால் நடுங்கும் தாடை மாதிரி
லேசாக.

பட்டால் ஒன்று. சட்டம் அவ்வளவுதான்.
நான் இரண்டு விரலையும் நீட்டினேன்.
இரண்டு கொடியையும் ஆட்டினேன்.

ஐந்து பருவம் அங்கே இருந்தான்.
விடிகாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் பார்ப்பேன்,
படம் நின்று நின்று வரும்,
பந்து பாதி ஆகாயத்தில் உறைந்துபோக
கெட்டில் கொதித்து அடங்கும்.
முதல் கோலுக்கு அணி முழுக்க அவன்மேல் விழுந்தது.
இன்னொரு நாள் வேலியோரம் ஒருவன் எதையோ கத்தினான்.
மைக்கில் விழவில்லை.
அந்தப் பெரிய காதுகளில் விழுந்தது,
முகம் காட்டிக்கொடுத்தது.

முப்பத்தொரு ஆட்டம்.
முப்பத்தெட்டு கோல்.
நாற்பத்துநான்கு ஒற்றைப் புள்ளி.
ஆஸ்பத்திரி டைரியின் கடைசிப் பக்கத்தில்
குறித்துக்கொண்டே வந்தேன்.

முழங்கால் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் போனது.
பக்கத்தில் ஆளே இல்லை, சும்மா திரும்பினானாம்.
தொடையிலிருந்து நாரெடுத்துக் கட்டினார்கள்.
மறுவருடம் மற்றக் கால்.
பெயரை எடுத்துவிட்டோம் என்று சொன்ன கூட்டம்
ஏழு நிமிடம் நடந்ததாம்.
கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட இல்லை,
அப்படியே கொண்டுவந்துவிட்டேன் என்று
அவன் அம்மாவிடம் சிரித்திருக்கிறான்.

ஒரு விரலோடு நான் நிறுத்தியிருந்தால்?
மாமாவின் டயர் கடையில் இருந்திருப்பான்,
இரண்டு முழங்காலோடு.
இப்போதும் அதே டயர் கடையில்தான் இருக்கிறான்.

போன ஞாயிறு பூட்ஸோடு வந்தான்.
விமான நிலையம் வடக்கே போய் வருஷங்களாகிவிட்டன,
ஓடுபாதையில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன.
அதே கோணல், அதே நாற்பது மீட்டர்.
டக்.
மைதானம் முழுக்கக் கேட்டது.
ஆலை வாசலில் லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு விரல் நீட்டினேன்.
ஒரு கொடி.

நொண்டிக்கொண்டு வந்து கம்பத்தைத் தட்டினான்.
“அன்னைக்கும் இதே கம்பந்தான், நலேனி.”
என் கையில் கொடி சுருண்டது.
“தெரியுமா உனக்கு?”
“கால விட்டு போனதுமே தெரியும்.
நீ ரெண்டு கொடிய ஆட்டுன.
நான் ஓடிட்டேன்.”

மேலே கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் எதிரணி பந்தை உள்ளே உதைத்துவிட்டது.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
காலை இழுத்து இழுத்து
பஸ் வரும் இடத்துக்கு
நடக்க ஆரம்பித்திருந்தான்.