பதினேழாவது அட்டை

டண்டீ நகரத்து நூலகம், மேல்மாடி,
வியாழன் மாலை ஆறு மணி.
ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தின் வெந்நீர் வாசம்
என் கைகளோடு வந்து உட்காரும்.
சன்னலுக்கு வெளியே டே ஆறு
மழைக்குள் இருக்கும், அல்லது இருக்காது.

அந்தச் சன்னலில்தான் தொடங்கினோம்.
'வின்டோ' என்றால் காற்றின் கண்ணாம்,
சொன்னாள் எய்லி, இருபத்தாறு வயது டீச்சர்,
ஒரு காதில் மூன்று வளையம்.
எங்களிடம் காலதர் என்றொரு சொல் உண்டு,
காற்று வரும் வழி,
என்று சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.
நோட்டில் எழுதிக்கொண்டேன்:
அவர்களுக்குக் கண். நமக்குப் பாதை.
குளிருக்கு இரண்டையும் அடைத்தாயிற்று.

பிறகு வாரம் ஏழெட்டுச் சொல்.
'சாலரி'க்குள் உப்பு. இது சுலபம்,
சம்பளச் சீட்டு வரும் நாளில்
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்துக்கொள்வேன்.
'கேன்டிடேட்', வெள்ளை உடுத்தவன்.
கஞ்சி போட்ட வேட்டியில் ஜீப்பில் நின்று
கும்பிட்டபடி போகிறான் என் நோட்டுக்குள்.
'மார்ட்கேஜ்', செத்த அடமானம்.
என் வளையல் இரண்டும் மன்னார்குடியில்
செத்துக் கிடக்கின்றன.
'டிசாஸ்டர்', கெட்ட நட்சத்திரம்.
அட, ஜாதகக்காரன் இங்கேயும் இருந்திருக்கிறான்.

அஸ்மாராவிலிருந்து வந்த யோனாஸ்
எல்லாச் சொல்லுக்கும் ஆடுதான் வரைவான்.
அவனுடைய 'டிசாஸ்ட'ரில்
ஆடு நட்சத்திரத்தை மேய்கிறது.
வேரில் ஓர் ஆணி, படத்தில் ஓர் ஆணி,
இரண்டு அடித்தால் சொல் விழாது
என்பது எய்லியின் கணக்கு.

இந்துமதியும் வருவாள். மூன்றாவது மேசை.
கணவருக்கு யுனிவர்சிட்டியில் வேலை.
முதல் நாளே கேட்டாள், சிரித்துக்கொண்டு,
"ஊர்ல எந்தப் பக்கம்?"
சொன்னேன்.
"அதுல எந்தத் தெரு?"
நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.
சொல்லுக்கு வேர் தேட எய்லியிடம் கற்றோம்.
ஆளுக்கு வேர் தேட
அவள் கற்றே வந்திருந்தாள்.

இந்த வியாழன் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினாள் எய்லி.
எடுத்தவர் எழுந்து
வேரைச் சொல்ல வேண்டும்,
நினைவில் நிறுத்த ஒரு வழியும்.
ஹலீனாவுக்கு 'மஸில்'.
தோலுக்கடியில் ஓடும் சுண்டெலி.
முழங்கையை மடக்கி எலியைக் காட்டினாள்,
சிரித்தோம்.
எனக்குப் பதினேழு.

பரையா.

வல்லின றகரம் கப்பலில் எங்கோ கரைந்து
இடையினமாய் இறங்கியிருந்தது.
கடைசியில் ஒலிக்காத எழுத்து ஒன்று,
கூட்டத்துக்கு வெளியே நிற்பது மாதிரி.
பின்பக்கம் அர்த்தம்: எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்.
வேர்: தமிழ்.

எய்லிக்குச் சந்தோஷம்.
"உங்கள் மொழி! உங்கள் இருவருடையதும்!"
இந்துமதி பேனா மூடியைத் திறந்தாள்,
மூடினாள், திறந்தாள்.

எழுந்தேன்.
இது ஒரு வாத்தியம், என்றேன்.
தோல். வட்டம்.
நெருப்பில் காட்டினால் குரல் ஏறும்.
அடிப்பவர்களுக்கு அதன் பேரை வைத்தார்கள்,
பேரை வசவாக்கினார்கள்,
வசவைக் கப்பல் ஏற்றினார்கள்.
என் அப்பா அடிப்பார்.
இலக்கணப் பிழை இருந்திருக்கும்.
யாரும் திருத்தவில்லை.

"நினைவில் வைக்க?" என்றாள் எய்லி, குரல் தணிந்து.
இதற்கு ஆணி வேண்டாம் என்று
சொல்லத் தெரியவில்லை.
மார்க்கர் அடிக்குச்சி, பென்சில் சிண்டுக்குச்சி,
மேசையில் அடித்தேன்.
யோனாஸின் தோள்தான் முதலில் அசைந்தது.
கீழ்த்தளத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
நான் நிறுத்தவில்லை,
தெம்மாங்கு ஒரு சுற்று முடியும்வரை.

"நைஸ்" என்றாள் எய்லி, கண் கலங்கி.
போன மாதத்துப் பக்கத்தில் இருக்கிறது அது:
'நைஸ்', வேர்: ஒன்றும் அறியாதவர்.
அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

பஸ் நிறுத்தத்தில் இந்துமதி,
குடையை மடக்கி, விரித்து,
ஏதோ கேட்க வாயெடுத்தாள்.
இருபத்திரண்டாம் நம்பர் வந்து
கதவைத் திறந்து காத்தது.

இந்த முறை நான் ஏறவில்லை.