பகிடியின் மிச்சப் பாதி

யூனியன் பிளேஸில், ஏழாம் மாடியில்,
ஜெனரேட்டர் தந்த குளிரில் இருந்துகொண்டு
நான் இருட்டைப் பற்றிப் பகிடி எழுதினேன்.
சம்பளம் அதற்குத்தான்.

வாடிக்கையாளர் ஒரு பிஸ்கட்.
பெயரைச் சொல்வதில்லையென்று கையெழுத்து வைத்திருக்கிறேன்.
அந்தப் பிஸ்கட் எப்படிப்பட்டதென்று
முப்பது பக்கத்தில் எழுதித் தந்திருந்தார்கள்:
வயது இருபத்துநாலு. குறும்பன்.
யாரையும் நோகடிக்க மாட்டான்.
அரசியல் பேசவே மாட்டான்.
என்னைவிட இரண்டு வயது இளையவன்,
வாடகை கட்டத் தேவையில்லாதவன்.

"எல்லாரும் கரண்ட் கட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள்,
நாங்கள் பேசாவிட்டால்
செத்துப்போனோம் என்று நினைப்பார்கள்" என்றாள் டிலானி.
டோர்ச் கம்பனி ஏற்கனவே முந்திவிட்டது.
நூடுல்ஸ்காரன் பச்சையாகவே கடிக்கச் சொல்லிக் கண்ணடித்தான்.
வங்கியொன்று மெழுகுதிரி பிடித்துக்கொண்டு
சேமிப்பைப் பற்றிச் சிரித்தது.

சிங்களப் பகிடிகளைத் தமிழாக்குவதும் என் வேலை.
'போலிம'வில் அவர்கள் ஒளித்துவைத்த சிலேடை
'வரிசை'க்குள் நுழைய இடமில்லாமல்
வெளியே நின்றது,
கொட்டாஞ்சேனையில் என் அக்கா நிற்பதுபோல.

அக்காவின் சிலிண்டர் நூற்றுப் பதினேழு.
பின்னேரங்களில் நான் போய் மாறி நிற்பேன்.
நூற்றுப் பதினாறு மரியசீலன் அண்ணை,
தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தவர்,
பெற்றோல் இல்லாத ஓட்டோவைத்
தள்ளிக்கொண்டே வந்து வரிசையில் சேர்ந்தவர்.
ஜம்பட்டா வீதி முழுக்கக்
கயிற்றில் கோத்த நீலமும் மஞ்சளும்.
ஒன்பதாம் நாள் அவர் சொன்னார்:

"இந்தச் சிலிண்டரை வாக்காளர் இடாப்பில பதியப்போறன், தங்கச்சி.
ஒரே விலாசத்தில ஒன்பது நாள் இருக்கு.
ஆருக்குப் போடுமெண்டு கேக்காதேங்கோ.
உள்ளுக்கு ஒண்டுமில்லாதது
உள்ளுக்கு ஒண்டுமில்லாதவைக்குத்தானே போடும்."

சிரிப்பு கைக்குக் கை மாறிப் போயிற்று,
நெருப்பணைக்க வாளி மாறுவதுபோல.
கடைசி ஆள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

அடுத்த நாள் அதை நான்
ஏழாம் மாடிக்குக் கொண்டுபோனேன்.
களவென்று அப்போது தோன்றவில்லை;
காலை ஒன்பதரைக் கூட்டத்தில் என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

வாக்காளர் இடாப்பை டிலானி வெட்டினாள்: அரசியல்.
உள்ளே ஒன்றுமில்லை என்பதை வாடிக்கையாளர் வெட்டினார்:
அவருடைய பிஸ்கட்டுக்குள்ளே கிறீம் இருக்கிறதாம்.
மிஞ்சியதற்குக் கண்ணும் வாயும் வரைந்தோம்.
'ஒரே இடத்தில் ஒன்பது நாளா? கடிச்சுக்கொண்டே காத்திரு!'
பதினோராயிரம் பேர் பகிர்ந்தார்கள்.
எனக்கொரு பரிசுப் பொதி வந்தது.
அந்தக் கிழமைதான் பைக்கற்றுக்குள்
பதினாலு பிஸ்கட் பன்னிரண்டாகியது.
அதற்குப் பகிடி எழுதென்று யாரும் கேட்கவில்லை.

வியாழன், பின்னேரம் நாலு மணி.
பெற்றோல் வரிசையொன்றில் ஒருவர்
ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர், எழும்பவில்லை.
நாலு பத்துக்குச் சிலிண்டரை அழித்தோம்.
சின்னத்தைக் கறுப்புவெள்ளை ஆக்கினோம்.
'எங்கள் இதயம் உங்களோடு' என்று
மூன்று மொழியிலும் எழுதினேன்.
பகிடிக்கு ஒரு ஆளின் சம்மதம் போதும்.
அனுதாபத்துக்கு நாலு பேர் பார்க்கவேண்டியிருந்தது,
ஒருவர் சிங்கப்பூரில், மதியச் சாப்பாட்டில்.
வெள்ளி காலை எட்டு மணிக்கு
நிறம் திரும்பியது. குறும்பனும்.

அன்று பின்னேரம் மரியசீலன் அண்ணை
உடைந்த திரையில் ஒரு படத்தைக் காட்டினார்,
யாரோ அழிப்பதற்குள் எடுத்து அனுப்பியது.
எனக்கு என்ன வேலையென்று அவருக்குத் தெரியாது.
"பாருங்கோ, தங்கச்சி,
என்ர பகிடியை ஆரோ பாதி கடிச்சுப்போட்டாங்கள்."

நான் படத்தைப் பார்த்தேன்.
என் எழுத்துரு. என் ஆச்சரியக்குறி.

"மிச்சத்தைச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.
"உங்களுக்குத் தெரியுந்தானே."
"உரத்து."

சொன்னார்.
இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.
முன்னால் நின்ற பெண்
தன் சிலிண்டரை ஒரு முழம் நகர்த்தினாள்.
லொறி வரவில்லை, சும்மாதான்.
அவர் நகர்த்தினார்.
நானும் குனிந்து
எங்களுடையதை உருட்டினேன்.
அது வெறுமையாகத்தான் இருந்தது.
ஆனாலும் எவ்வளவு பாரம்.