எவருக்கும் தோன்றும்

கிண்டியிலிருந்து வந்த நிராகரிப்பில்
பதினோராம் பத்தி மட்டும் எனக்கு மனப்பாடம்:
முதல் ஆவணம், ஒசாகாவில் ஒருவர்
பம்பின் அதிர்வை அளந்தது.
இரண்டாம் ஆவணம், டெக்சாஸில் ஒருவர்
தொட்டியின் நீர்மட்டம் சொன்னது.
இரண்டையும் சேர்த்துப் பார்க்க
இத்துறை அறிந்த எவருக்கும் தோன்றும்.

தோன்றும்.
நான் கேட்பது இறந்தகாலம்:
தோன்றியதா?

வக்கீல் ஹெப்சிபா சிரிக்கவில்லை.
"இலக்கணம் வேணாம், தேதி சொல்லுங்க."

மடிப்பாக்கம். மே மாதம். இரவு இரண்டரை.
லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி
மோட்டார் ஓடிக்கொண்டிருக்க,
விழித்துக் கிடந்த எனக்கு
இந்த இரைச்சலைப் போன் கேட்டால் என்ன
என்று பட்டது.
பிரமாணப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.
பிறகு நாலாயிரத்துச் சொச்சம் ஒலிப்பதிவுகள்,
கருகிய காயில் இரண்டு,
விட்டுவிட்ட ஒரு வேலை.

உயர் நீதிமன்ற வாசலில்
நெல்லிக்காய் விற்கிறார்கள்,
மிளகாய்த்தூள் உப்போடு, கூறு பத்து ரூபாய்.
வாங்கினேன்.
உள்ளங்கையில் வைத்தபின்
யாருக்குத்தான் தெரியாது?

"இந்தத் துறை அறிந்தவர் என்பவர் யார்?"
நீதிபதி கேட்டார்.
"கற்பனை மனிதர், மை லார்ட்.
எல்லா ஆவணமும் படித்தவர்.
சொந்தமாக ஒன்றும் தோன்றாதவர்."
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

எனக்குப் பிப்லப் ஞாபகம் வந்தான்.
எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பாலசோர்காரன்,
இருபத்து மூன்று வயது.
எந்த ஆவணமும் படித்ததில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில்
வாய் திறந்து தூங்குவான்.
மோட்டாரின் குரல் ஒரு இழை மாறும்.
கண்ணைத் திறக்காமலே எழுந்துபோய்
சுவிட்சை அணைப்பான்.
எட்டிப் பார்த்தால்
சம்ப்பில் அரைச் சாண் மிச்சமிருக்கும்.

அதை ஏழு இரவு பார்த்த பிறகுதான்
போனை எடுத்தேன்.

கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில்
ஒரு பெயர்தான் எழுத வேண்டுமென்று
சட்டம் ஒன்றுமில்லை.
இடம் போதாவிட்டால்
தனித்தாள் இணைக்கலாம்.

ஹெப்சிபா திரும்பி
'நல்லாப் போகுது' என்று உதடசைத்தார்.
வாய்தா மூன்று வாரம்.

பாரிமுனையில் தண்ணீர் பாட்டில் வாங்கி
நின்றபடியே குடித்தேன்.
இனித்தது,
நெல்லிக்காய் தின்ற எவளுக்கும்
இனிப்பது போல.